இருவகுப்பு வீரன்

ஒரு கலையிலேயே ஆழ்ந்து நிற்றல் நன்றோ, இரு கலைகளைத் தழுவி அகன்று நிற்றல் நன்றோ என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் பழமொழிகளையே துணைக்கொள்வர். ஒருவர் ‘ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்’ என்று எச்சரிப்பார். மற்றொருவர் ‘ஒரு கை ஓசை எழுப்பாது’ என்று ஊக்குவார். பழமொழிகள் இரு பக்கத்துக்கும் சான்று பகர்வதால் வழக்கு முடிவதில்லை. ஆயின், இவ்வினாவை எண்களால் அளந்து காண்பதற்கு இடந்தரும் விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1974-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்று பல நாடுகளில் ஆடப்பெறும் ‘டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே அது. அதில் ஒரு வீரன் இரு வகுப்பினரின் போர்த்திறன்களை ஒருங்கே பெறும் முறை யாது, அதனால் அவன் எய்தும் ஊதியம் யாது, இழப்பு யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் விளையாட்டின் இயல்பை அறியாதார்பொருட்டுச் சில கூறுவோம். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். கதை நிகழும் உலகையும், அங்குள்ள மாந்தரையும் பகைவரையும் அவரே படைத்துரைப்பர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ‘யான் இது செய்வேன்’ என்று கூறுவர். செய்கை பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நாம் அறிந்த ஆறுமுகப் பகடையே அன்றி, 4, 8, 10, 12, 20 முகங்கள் உடைய பகடைகளும் இதில் வழங்கும். இங்ஙனம் ஆடுவோர் ஒருவரோடொருவர் பொருதுவதில்லை. யாவரும் ஒரு குழுவாய் நின்று நடுவர் விடுக்கும் இடர்களை எதிர்ப்பர். இச்செய்தியை வாசிப்போர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் யாம் கூறப்போகும் முடிவு இதனைப் பற்றியே நிற்கின்றது.

பாத்திரம் ஒவ்வொன்றும் ஒரு வகுப்பைச் சார்ந்தது. விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்னும் இருவர் பெயரால் முதல் நூல் வெளிவந்தபோது வகுப்புக்கள் மூன்றே இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, குரு. 1975-இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ என்னும் துணைநூல் கள்வனையும், பாலடின் எனப்படும் அறவீரனையும் சேர்த்தது. பிற்காலத்துப் பதிப்புக்களில் வகுப்புக்கள் பன்னிரண்டுக்கு மேலும் பெருகின. வகுப்பு என்பது ஒருவன் பயின்ற தொழில். அத்தொழிலில் அவன் ஏறும் ஏணியின் படிகள் உண்டு. இடர்களைக் கடந்து அனுபவப் புள்ளிகளை ஈட்டுந்தோறும் அவன் ஒரு படி மேலேறுவான். ஒவ்வொரு படியிலும் புதிய திறன் ஒன்றேனும், பழைய திறனின் வளர்ச்சியேனும் அவனுக்கு வாய்க்கும்.

இனி, ஒருவன் இரண்டு ஏணிகளில் ஏறலாகுமோ? இவ்வினாவுக்கு விளையாட்டின் ஆசிரியர்கள் காலந்தோறும் வேறு வேறு விடை அளித்துவந்தனர். 1974-ஆம் ஆண்டு நூலில் ‘எல்ஃப்’ எனப்படும் கானகத்தார் இனத்துக்கு மட்டும் இச்சலுகை இருந்தது. அவ்வினத்தான் ஒருவன் இன்றைய பயணத்தில் போர்வீரனாகவும், அடுத்த பயணத்தில் மந்திரவாதியாகவும் செல்லலாம்; ஆனால் ஒரு பயணத்தினிடையில் மாறலாகாது. இரு சட்டைகள் உடையானொருவன் நாளுக்கு ஒன்றாக உடுத்தல் போன்றது அது. திறன்கள் ஒருவனிடத்து இருந்தனவே அன்றி ஒன்றோடொன்று கலந்தில.

1978-ஆம் ஆண்டில் ‘அட்வான்ஸ்டு’ என்னும் அடைமொழியோடு வந்த விரிந்த பதிப்பு இருவேறு வழிகளை வகுத்தது. மனிதரல்லாத இனத்தார்க்கு உரியது முதல் வழி. அவர் இரண்டு வகுப்புக்களில், சிலர் மூன்றிலும், ஒரே காலத்தில் பயிலலாம்; ஈட்டும் அனுபவப் புள்ளிகள் அவ்வகுப்புக்களுக்குச் சமமாகப் பகிரப்படும். பாதி ஊதியம் பெறுவோன் பாதி உயரமே ஏறுவான் என்று எண்ணத் தோன்றும். உண்மை அஃதன்று. அப்பதிப்பின் தொடக்கப் படிகளில், அடுத்த படிக்கு வேண்டிய புள்ளிகள் முன்னைப் படிக்கு வேண்டியவற்றினும் ஏறக்குறைய இருமடங்காக வளர்ந்தன. ஆதலின் புள்ளிகளில் பாதியை இழந்தோன் உயரத்தில் ஏறத்தாழ ஒரு படியே பின்தங்கினான். இரண்டு தொழில்களின் பயனை ஒரு படி விலைக்குப் பெற்றான் என்க. இதனை ஈடுசெய்யவே, மனிதரல்லாதார் பல வகுப்புக்களில் குறித்த உயரத்துக்கு மேல் ஏறலாகாது என்று அந்நூல் வரம்பிட்டது.

மனிதர்க்கு உரியது இரண்டாம் வழி. அவர் ஒரு தொழிலை முற்ற விட்டுவிட்டு மற்றொன்றை முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பழைய வகுப்புக்குரிய தலைமைப் பண்பு 15-க்குக் குறையாமலும், புதிய வகுப்புக்குரியது 17-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் பெறக்கூடிய பேரெண் 18 என்பதை நினைத்தால், இது எத்துணை அரிய தகுதி என்பது புலனாகும். மேலும், புதிய தொழிலில் பழைய உயரத்தைக் கடக்கும்வரை பழைய திறனைக் கையாளுவோன் அதனாற் கிடைக்கவேண்டிய அனுபவப் புள்ளிகளை இழப்பான். பல ஆண்டுகள் வாளெடுத்துப் பழகியவன் அதனை உறையிலிட்டுவிட்டு, மெலிந்த மாணவனாய் மந்திரம் ஓதத் தொடங்கும் நிலை அது. அதே நூலில் பாணர் வகுப்பை எய்த விரும்புவோன் முதலில் போர்வீரனாயும், பின்பு கள்வனாயும் பயின்ற பின்னரே அத்துறையில் நுழையலாம் என்றிருந்தது. கலவை என்பது அக்காலத்தில் உரிமையன்று; நீண்ட தவத்தின் பயன்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இக்கட்டுக்களைப் பெரும்பாலும் அறுத்தெறிந்தது. எவ்வினத்தானும் ஒவ்வொரு படியிலும் தான் விரும்பிய வகுப்பைத் தெரிந்துகொள்ளலாம். தாக்கும் ஆற்றல் வகுப்புத்தோறும் கணக்கிடப்பட்டு ஒன்றாகக் கூட்டப்படும். போர்வீரனுக்குப் படிக்கு 1 வீதம் ஏறும். கள்வனுக்கு 4 படிகளுக்கு 3. மந்திரவாதிக்கு 2 படிகளுக்கு 1. ஆகவே போர்வீரன் 4 படியும் கள்வன் 4 படியும் ஏறியவனுக்கு 4-உம் 3-உம் கூடி 7 ஆகும். எட்டுப் படியும் போர்வீரனாகவே ஏறியவனுக்கு 8. இழப்பு ஒன்றே. ஆனால் மந்திரம் அங்ஙனம் கூடுவதில்லை. போர்வீரன் 4, மந்திரவாதி 4 என ஏறியவன் எட்டாம் படியினனாயிருந்தும் நாலாம் படி மந்திரங்களையே ஓதவல்லான். வாள் வாளோடு கூடும். மந்திரம் வாளோடு கூடாது என்பது அப்பதிப்பின் கணக்கு.

அப்பதிப்பில் மற்றொரு வியப்பும் நேர்ந்தது. நஞ்சு, நோய் முதலியவற்றைத் தாங்கும் உடலுரக் காப்பு, வல்லுடல் வகுப்புக்களில் முதற்படியிலேயே 2 ஆகத் தொடங்கும். மூன்று படிகளும் போர்வீரனாகவே ஏறியவனுக்கு அது 3. போர்வீரன், பார்பேரியன், பாலடின் என ஒவ்வொன்றிலும் ஒரு படி ஏறியவனுக்கோ 2-உம் 2-உம் 2-உம் கூடி 6. எத்தொழிலையும் தொடர்ந்து கல்லாது பல வாயில்களிலும் தலையை நீட்டிப் பார்த்தவன், ஒன்றைக் கற்றவனினும் இருமடங்கு காப்புடையவனானான். நூலாசிரியர்கள் இதனை முன்னறிந்தே, வகுப்புக்களிடையே ஒரு படிக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருப்பின், இனத்துக்கேற்ற விலக்குகள் நீங்கலாக, அனுபவப் புள்ளிகளில் 100-க்கு 20 குறைக்கப்படும் என்று தண்டம் விதித்திருந்தனர். ஆயினும் அத்தண்டம் இவ்வகைத் தலைநீட்டலைத் தடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படியே ஏறுவோனுக்கு ஏற்றத்தாழ்வே இல்லையன்றோ?

2008-ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு மறுகோடிக்குச் சென்றது. அங்கே பிற வகுப்பின் திறனைச் சிறு துளியளவில், தனிப்பயிற்சியாகவே பெறலாம். இரண்டையும் சரிபாதியாய்க் கலக்கும் முறை 2010-இல் ஒரு துணைநூலிலேயே தோன்றிற்று. பின்னர் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பின் தாராளத்தை மீட்டுக்கொணர்ந்து, அதன் ஓட்டைகளையும் அடைக்க முயன்றது. நடுவர் இசைந்தால் மட்டுமே இருவகுப்பு முறை செல்லும் என்றும், பழைய வகுப்பு புதிய வகுப்பு இரண்டுக்கும் உரிய பண்புகள் 13-க்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. இப்பதிப்பின் விதிகளையே யாம் இனி அடிப்படையாகக் கொள்வோம்.

இரண்டு வகுப்பின் திறன்கள் ஒருவனிடத்து வந்து சேரும்போது அவை மூவகையாக நடக்கும். ஒன்றையொன்று வளர்த்தல் ஒன்று. ஒன்றினுள் ஒன்று அடங்கி வீணாதல் ஒன்று. ஒன்றையொன்று தடுத்தல் ஒன்று.

வீணாதலை முதலிற் காண்போம். பார்பேரியன், பாலடின் முதலிய பல போர் வகுப்பினரும் ஐந்தாம் படியில் ஒரு முறைக்கு இரண்டு வீச்சு வீசும் உரிமை பெறுவர். இதனை இரட்டைவீச்சு என்போம். ஒன்றில் ஐந்து படியும் மற்றொன்றில் ஐந்து படியும் ஏறியவன் மூன்று வீச்சுப் பெறுவான் என்று எண்ணுவோர் ஏமாறுவர். விதி அதனைக் கூட்டுவதில்லை, இரண்டே வீச்சு. அவ்வாறே, கவசமின்றிக் காத்துக்கொள்ளும் கலை பார்பேரியனுக்கும் உண்டு, மங்க் எனப்படும் துறவி வீரனுக்கும் உண்டு. முன்னவன் உடலுரத்தாலும் பின்னவன் தெளிவாலும் காத்துக்கொள்வர். ஆனால் ஒன்றைப் பெற்றவன் மற்றதை அடையான். ஒரே கதவுக்கு இரண்டு திறவுகோல் வாங்கினவன் நிலை இவனது.

தடுத்தலுக்கு எடுத்துக்காட்டு, பார்பேரியனும் மந்திரவாதியும் ஒருவனாதல். பார்பேரியன் தன் வெறிச்சினத்தை எழுப்பிக்கொண்டால் வாள், ஈட்டி, தடி முதலியவற்றால் வரும் ஊறு பாதியாகும். வலிமையால் வீசும் வீச்சுக்களுக்கு ஊறு மிகும். ஆனால் அச்சினம் நிற்கும் அளவும் மந்திரம் ஓதலாகாது. முன்னர் ஓதிய மந்திரத்தை மனவொருமையால் நிறுத்திக்கொள்ளவும் இயலாது. சினமும் ஓதுதலும் ஒரு நெஞ்சில் ஒருங்கே தங்கா என்னும் உலகியலையே விதி கூறுகின்றது. இருவர் ஒரு வீட்டிற் குடியிருந்தும் ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே நிற்பது போன்றது இக்கலவை.

வளர்த்தலே நாம் நாடுவது. பாலடினும் சார்ஸரர் எனப்படும் பிறவி மந்திரவாதியும் ஒருவனாதலைக் காண்க. 2014-ஆம் ஆண்டு விதிப்படி, பாலடின் தன் வாள் பட்டபின் மந்திர இருப்பில் ஒன்றைச் செலவிட்டு, முதல் தரத்து இருப்புக்கு இரண்டு எட்டுமுகப் பகடைகளும், உயர்தரங்களுக்கு ஒவ்வொன்று கூடுதலாகவும் ஊறு செய்யலாம். ஆறாம் படிப் பாலடினுக்கு இத்தகைய இருப்பு 6. பாலடின் 2, சார்ஸரர் 4 என ஏறியவனுக்கு 9; அவற்றுள் இரண்டு மூன்றாம் தரத்தன. செலவிடும் வழியைப் பாலடின் அறிவான்; செலவிடும் பொருளைச் சார்ஸரர் தருவான். ஆனால் அவன் இரட்டைவீச்சை இழந்தான், உயிர்ப்புள்ளியும் குறைந்தது. 2024-இல் திருத்தி வெளியிடப்பெற்ற நூல் இத்தாக்கையே ஒரு மந்திரமாக மாற்றி, ஒரு முறைக்கு ஒன்றுக்கு மேற்படாதவாறு செய்தது. கலவையின் பயன் அளவு கடந்தது என்று ஆசிரியர்களே கருதினர் போலும்.

நிற்க. இக்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் எண்ணிட்டுக் காட்டுவோம். பார்பேரியனையும், ரோக் எனப்படும் கள்வனையும் கலப்போம். கள்வனுக்கு மறைதாக்கு என்றொரு திறன் உண்டு. முதற்படியில் ஓர் ஆறுமுகப் பகடையும், மூன்றாம் படியில் இரண்டும் ஊறு மிகும். ஆனால் அதற்குக் கட்டளைகள் உள: படைக்கலம் நுண்மையுடைய வாளாகவோ எய்படையாகவோ இருத்தல் வேண்டும், ஒருவர் முறையில் ஒருதரமே செல்லும், பகைவனருகில் தோழனொருவன் நிற்க வேண்டும், அல்லது வீசுவோனுக்கு மேல்வாய்ப்பு இருத்தல் வேண்டும். மேல்வாய்ப்பு என்பது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, மிக்க எண்ணைக் கொள்ளுதல். கள்வன் அதனை ஒளிந்தும் பதுங்கியும் தேடித் திரிவான். பார்பேரியனோ இரண்டாம் படியிலேயே, தன் காவலைக் கைவிட்டு அஞ்சாது தாக்கும் உரிமையால், அதனைத் தானே எடுத்துக்கொள்வான். அதற்கு விலை, அடுத்த முறை வரும்வரை பகைவரும் அவன்மேல் மேல்வாய்ப்புப் பெறுதல். அவ்விலையைச் சினத்தால் பாதியாகும் ஊறு தணிக்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அஞ்சாத்தாக்கு வலிமையால் வீசும் வீச்சுக்கே செல்லும். மறைதாக்கோ நுண்மை வாளையே கேட்கின்றது. சுறுசுறுப்பால் வீசுக என்று அது கேட்கவில்லை. ரேப்பியர் எனப்படும் மெல்வாளை வலிமையாலும் வீசலாம். ஆகவே மெல்வாளை வலிமையால் வீசும் பார்பேரியன் இரண்டு விதிகளையும் ஒரே வீச்சில் நிறைவேற்றுகின்றான். இரண்டு வகுப்பும் ஒன்றாய்ப் பூட்டப்படும் கீல் இதுவே. கீல் இல்லாத இரண்டு பலகைகளை அருகருகே நிறுத்தினால் கதவு ஆகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். பகைவனின் காப்பெண் 15 என்க. நம் வீரர் இருவரும் வலிமை 16 உடையராய்த் தொடங்கிச் சினத்தோடும் அஞ்சாத்தாக்கோடும் பொருகின்றனர். இருபது விழும்போது நேரும் மிகையூற்றை இருவர்க்கும் விட்டுவிடுவோம்.

ஐந்தாம் படியில், கலவாத பார்பேரியன் நாலாம் படியிற் பெற்ற உயர்வால் வலிமை 18 உடையான். பகடையில் 8-உம் அதற்கு மேலும் விழுந்தால் அவன் வீச்சுப் படும். ஒரு பகடையில் 100-க்கு 65, மேல்வாய்ப்பால் ஏறக்குறைய 88. இருகைப் பெருவாளின் சராசரி ஊறு 7, வலிமைக்கு 4, சினத்துக்கு 2, ஆக 13. இரட்டைவீச்சால் ஒரு முறைக்குச் சராசரி 22.8 வரும். இனி, பார்பேரியன் 3, கள்வன் 2 என ஏறியவனைக் காண்போம். வலிமையுயர்வு வகுப்பின் நாலாம் படிக்கு உரியதாதலின் அவனுக்கு அது கிட்டவில்லை, இரட்டைவீச்சும் கிட்டவில்லை. மெல்வாளுக்கு 4.5, வலிமைக்கு 3, சினத்துக்கு 2, மறைதாக்குக்கு 3.5, ஆக 13. வீச்சு ஒன்று, படும் வாய்ப்பு 100-க்கு 84. ஒரு முறைக்குச் சராசரி 10.9. மற்றவனிற் பாதிக்கும் குறைவு!

இதனோடு நின்றால், கலவை தீது என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் எட்டாம் படிக்குச் செல்வோம். கலவாதவன் வலிமை 20 ஆயிற்று. 7-உம் மேலும் விழுந்தால் படும். மேல்வாய்ப்பால் 100-க்கு 91. ஊறு 14, இரண்டு வீச்சுக்கும் சராசரி 25.5. பார்பேரியன் 5, கள்வன் 3 என ஏறியவனுக்கு வலிமை 18; இரட்டைவீச்சு உண்டு. வீச்சு ஒவ்வொன்றுக்கும் 10.5, இரண்டனுள் ஒன்று பட்டாலும் மறைதாக்கின் இரண்டு பகடைகள் 7 சேர்க்கும். கூட்டினால் ஒரு முறைக்குச் சராசரி 25.3. வேற்றுமை இல்லையென்றே சொல்லலாம். அன்றியும் மெல்வாள் ஒருகைப் படையாதலின் மறுகையில் கேடயம் தாங்கலாம். காப்பெண் 2 கூடும். கள்வனின் இரண்டாம் படியால் துணைச்செயலாக ஓடவும், பகைவனிடமிருந்து விலகவும், ஒளியவும் வல்லான். இழந்தவை, மூன்று படிகளில் படிக்கு 2 வீதம் 6 உயிர்ப்புள்ளியும், வலிமையில் ஓர் உயர்வும் முதலியன.

ஆக, ஒரே கலவை ஐந்தாம் படியில் நகைப்புக்கிடமாயும் எட்டாம் படியில் பாராட்டுக்குரியதாயும் நிற்கின்றது. காரணம் யாது? இரண்டு வீரர் வழியை ஒப்பிட்டால் விளங்கும். ஒருவன் பார்பேரியனாய் மூன்று படி ஏறி, இடையில் கள்வனாய் இரண்டு படி ஏறி, மீண்டு பார்பேரியனாய் இரண்டு படி ஏறி, எட்டாம் படிக்குக் கள்வனாகின்றான். மற்றொருவன் முதலிற் பார்பேரியனாய் ஐந்து படியும் முடித்தபின்னரே கள்வனாய் மூன்று படி ஏறுகின்றான். எட்டாம் படியில் இருவரும் ஒரே வீரர். எழுத்துக்கெழுத்து வேற்றுமை இல்லை. ஊர் ஒன்று, வழி இரண்டு. ஆனால் ஆறாம் படியில் முன்னவன் செய்யும் ஊறு 12.3, பின்னவன் செய்வது 21.9. அதே படியில் கலவாதவனுக்கு 22.8 எனக் கண்டோமன்றோ? ஐந்தாம் படியைக் கடந்தபின் திரும்பியவன் ஒரு புள்ளியளவே இழந்தான். கடக்குமுன் திரும்பியவன் இரண்டு படிகள் முழுதும் அரைவீரனாய் உழன்றான்.

இந்த அரைவீரன் தனியே உழன்றால் அது அவன் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் இவ்விளையாட்டு குழுவாய் ஆடுவது என்று தொடக்கத்திற் கூறினோம். 45 உயிர்ப்புள்ளியுடைய பகைவனொருவனை எண்ணுக. கலவாத பார்பேரியன் சராசரியாக இரண்டு முறையில் அவனை வீழ்த்துவான். அரைவீரனுக்கு ஐந்து முறை வேண்டும். எஞ்சிய மூன்று முறையும் அப்பகைவன் சும்மா நிற்பதில்லை; அருகிலுள்ள மெல்லிய மந்திரவாதியை அடிப்பான்; குரு தன் மந்திர இருப்பை ஒருவரைக் குணப்படுத்தவே செலவிடுவார். ஒருவன் பின்னாள் பெருமைக்காக வைத்த முதலுக்கு வட்டி கட்டுவோர் அவன் தோழரே. எட்டாம் படியை அடைந்து அவன் மிளிரும் நாளில் அக்கடனை எவரும் நினைப்பதில்லை. அந்த எட்டாம் படியை எய்துமுன்னரே ஆட்டம் முடிவுறுதலும் உண்டு. அப்போது கட்டிய வட்டி கட்டியதே.

மற்றொரு தீங்கும் உண்டு. அது எண்ணிற்கு அகப்படாதது. குழுவிலே ஒருவர் கள்வனாகவே ஆடுகின்றார் என்க. பூட்டைத் திறத்தல், பதுங்கிச் சென்று ஒற்றறிதல் ஆகியவை அவர் பங்கு. அந்த வேளைகளில்தான் மேசையில் உள்ள அனைவர் கண்ணும் அவர்மேல் இருக்கும். பார்பேரியனும் அத்தொழிலிற் பாதி கற்று வந்து முந்திக்கொண்டால், அவருக்கு இருந்த ஓரிடமும் போம். போரில் ஊறு கணக்கிடுவோர் இவ்விழப்பைக் கணக்கிடுவதில்லை. ஆனால் மனம் வெதும்பி அவர் அடுத்த வாரம் வாராதொழிந்தால், 25.3 என்ற எண்ணால் ஆவது யாது? ஐந்தாம் பதிப்பு நடுவரின் இசைவை வேண்டிற்று. தோழரின் இசைவையும் கேட்பதே பண்புடையோர் செயல் என்பது எம் கருத்து.

கலவையை அறவே வெறுப்போரும் உளர். எண்பெருக்கும் பேராசையே இது, கதைக்கு இதனால் வரும் நலம் ஒன்றுமில்லை என்பர் அவர். அதனை யாம் முற்றும் ஒப்புக்கொள்ளோம். காட்டிற் பிறந்து நகரச் சந்துகளில் வளர்ந்த ஒருவன் சினத்தையும் சூழ்ச்சியையும் ஒருங்கே கற்றிருத்தல் இயல்பே. வாழ்க்கையில் மனிதர் பலர் ஒரு தொழிலோடு நின்றவரல்லர். ஒரு வகுப்பின் வேலிக்குள் அடங்காத மாந்தரைப் படைக்க இம்முறை உதவுகின்றது. எண்ணும் கதையும் பகையல்ல. இரண்டையும் இணைக்கும் கீல் கிட்டினால் ஒன்றையொன்று தாங்கும்.

ஆதலின், கலக்க விரும்புவோன் நான்கு வினாக்களைத் தன்னிடத்தே கேட்டுக்கொள்ளல் வேண்டும். இவ்விரு திறன்களும் ஒரே வீச்சில் ஒன்றையொன்று வளர்க்கின்றனவா, அன்றி அருகருகே கிடக்கின்றனவா? இரண்டும் ஒரே துணைச்செயலைக் கேட்டுப் பூசலிடுகின்றனவா? சினத்தை எழுப்புதலும் கள்வனைப்போல் விலகுதலும் ஒரு முறைக்கு ஒன்றே உள்ள துணைச்செயலைக் கேட்பன; முதல் முறையில் ஒன்றே நடக்கும் என்பதை மறவற்க. முதல் வகுப்பின் இன்றியமையாப் படியை முடித்துவிட்டோமா? இதனால் தோழர் யாரேனும் தம் இடத்தை இழப்பரா? இந்நான்குக்கும் தக்க விடை உடையோன் அஞ்சாது கலக்கலாம்.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இவ்விளையாட்டு அளிக்கும் விடை ஆழமும் அன்று, அகலமும் அன்று; முறை. ஒன்றில் நிலைபெறுமுன் மற்றொன்றுக்குத் தாவியவனும், நிலைபெற்றபின் சென்றவனும் முடிவில் ஒரே இடத்தில் நின்றார்கள். இடைவழியில் முன்னவனைச் சுமந்தவர் அவன் தோழர். கல்லூரியிற் பயிலும் எம் நண்பர்கள் ஒரு கலையினின்று மற்றொன்றுக்குத் திரும்ப எண்ணுங்கால், தாம் எத்தனையாம் படியில் நிற்கின்றோம் என்பதையும், அந்த இடைக்காலத்தில் தம்மைச் சுமக்கப்போகின்றவர் யாவர் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலமாம்.